சோரியாசிஸ் புற்றாக மாறுமா? தோலின் சமிக்ஞைப் புரதங்கள் குறித்து ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 43, பள்ளி ஆசிரியை. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சோரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் உதிரும் அழற்சி நோய்) இருக்கிறது. களிம்புகள், சோராலன் மாத்திரையோடு சேர்ந்த ஒளிச்சிகிச்சை, மெத்தோட்ரெக்சேட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது என் மருத்துவர் இன்டர்லூக்கின்-17 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசியைப் பரிந்துரைக்கிறார். அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, அழற்சியை உண்டாக்கும் சமிக்ஞைப் புரதங்களே தோலில் கட்டிகளையும் வளர்க்கின்றன என்றும், கருவில் தோல் உருவாவதும் அவற்றால்தான் என்றும் எழுதியிருந்தது, குழம்பிப்போனேன். என் தந்தைக்கு 71 வயதில் மூக்கின்மேல் ‘பேசல் செல் கார்சினோமா’ என்ற புற்று வந்து அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். என் உடம்பில் உள்ள திட்டுகளும் ஒருநாள் அப்படி மாறுமா? ஒரு புரதத்தைத் தடுத்தால் வேறு கேடு வராதா? ஊசிக்குப் பதிலாக, ‘என்எஃப்-கப்பா-பி’ புரதத்தை அடக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாமா? 14 வயது மகளைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

பதில்:

அன்புடையீர், வணக்கம்.

நீங்கள் கேட்டவற்றுக்கு நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். சோரியாசிஸ் திட்டு புற்றாக மாறுவது மிகமிக அரிது. அந்த அச்சத்தால் மருத்துவர் பரிந்துரைத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. விளம்பரத்தில் கண்ட மாத்திரையை அதற்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீங்கள் படித்தது தவறான செய்தியும் அல்ல. தோலை உருவாக்கும் புரதங்கள், அழற்சியை மூட்டும் புரதங்கள், கட்டியை வளர்க்கும் புரதங்கள் ஆகியவற்றின் பட்டியல்களை அருகருகே வைத்தால் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது உண்மைதான். அந்த உண்மையிலிருந்து ‘அழற்சி இன்று, புற்று நாளை’ என்ற முடிவுக்கு வருவதுதான் பிழை. அது ஏன் பிழை என்பதைச் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறேன். காரணம் புரிந்தால்தான் உங்கள் அச்சம் தணியும்.

தோலின் மேலடுக்கு இடைவிடாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் திசு. அதன் அடிவரிசையில் உள்ள செல்கள் பிரிகின்றன. அவற்றில் ஒரு பகுதி மேல்நோக்கி நகர்ந்து, கெரட்டினை நிரப்பிக்கொண்டு, உட்கருவை இழந்து, இறந்த செதிலாகி உதிர்ந்துவிடுகிறது. இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எந்தச் செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது முதிர வேண்டும் என்பதை எந்தச் செல்லும் தனியாக முடிவு செய்வதில்லை. பக்கத்துச் செல்களும், கீழே உள்ள அடித்தோலும், தோலுக்குள் நடமாடும் நோயெதிர்ப்புச் செல்களும் புரதங்களைச் சுரந்து செய்தி அனுப்புகின்றன. அந்தப் புரதம் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் பொருந்தியதும், உள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, இறுதியில் உட்கருவில் குறிப்பிட்ட சில மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன அல்லது ஓய்கின்றன. இந்தத் தொடர் முழுவதையும் சேர்த்துத்தான் சமிக்ஞைப் பாதை என்கிறோம்.

இத்துறையின் தொடக்கக் கண்டுபிடிப்புகளில் ஒன்று தோலிலேயே நிகழ்ந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளர், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, வழக்கமாக இரண்டு வாரம் அளவில் திறக்கும் அவற்றின் கண் இமைகள் ஒரே வாரத்தில் திறந்துவிட்டன. பற்களும் முன்கூட்டியே முளைத்தன. இமைத் தோலின் மேலடுக்கு விரைந்து வளர்ந்து முதிர்ந்ததே காரணம். வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்த ஆய்வில் எதிர்பாராமல் கண்ணில் பட்ட இந்த மாற்றத்தை அவர் ஒதுக்கிவிடாமல் தொடர்ந்து, அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். அதுவே ஈஜிஎஃப் எனப்படும் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 1986இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இமையைத் திறக்கச் செய்த அதே புரதத்தின் ஏற்பி, பின்னாளில் நுரையீரல், பெருங்குடல் புற்றுகளில் மருந்துகளின் முக்கிய இலக்காயிற்று. உங்களைக் குழப்பிய இரட்டைத்தன்மை அப்போதே தொடங்கிவிட்டது.

கருவில் தோல் முதலில் ஒரே ஓர் அடுக்குச் செல்களாகத்தான் இருக்கிறது. அது பல அடுக்குகளாக மாறுவதற்கு பி63 என்ற புரதம் இன்றியமையாதது. அந்தப் புரதம் இல்லாமல் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு அடுக்குத் தோலே உருவாகவில்லை என்று 1999இல் காட்டினார்கள். பின்னர் குறிப்பிட்ட இடங்களில் செல்கள் சற்றே தடித்துக் கீழ்நோக்கி இறங்கி மயிர்க்கால்களாகின்றன. எந்த இடத்தில் மயிர்க்கால் என்பதை விண்ட் பாதை தீர்மானிக்க, ஹெட்ஜ்ஹாக் பாதை அதைக் கீழே வளர்த்துச் செல்கிறது. எக்டோடிஸ்பிளாசின் என்ற மற்றொரு புரதம் முடி, பல், வியர்வைச் சுரப்பி மூன்றுக்கும் வேண்டும். அது பிறவியிலேயே இல்லாத ஆண் குழந்தைகளுக்குத் தலைமுடி மெலிந்திருக்கும், பற்கள் குறைவாக இருக்கும், வியர்க்காது. வியர்க்காததால் காய்ச்சலும் வெப்பமும் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு செய்தி இங்கே இருக்கிறது. எக்டோடிஸ்பிளாசின் தன் செய்தியை உட்கருவுக்குக் கொண்டுசேர்ப்பது, நீங்கள் பெயர் குறிப்பிட்டிருக்கும் அதே என்எஃப்-கப்பா-பி வழியாகத்தான். விளம்பரங்களில் அழற்சியின் வில்லனாகக் காட்டப்படும் அந்தப் புரதம் இல்லாவிட்டால் நமக்கு வியர்வைச் சுரப்பிகளே உருவாகியிருக்காது.

இந்தக் குறைபாட்டுக்கான ஒரு சிகிச்சை, சமிக்ஞைப் புரதங்களைப் பற்றி எந்தப் பாடநூல் விளக்கத்தைவிடவும் தெளிவாகச் சொல்கிறது. குறைபாடு உள்ள குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு அந்தப் புரதத்தைக் கொடுத்துப் பார்த்ததில் பயன் கிட்டவில்லை. பிறகு, தாயின் வயிற்றில் இருக்கும்போதே பனிக்குட நீரில் அதைச் செலுத்தினார்கள். அவ்வாறு சிகிச்சை பெற்ற மூன்று ஆண் குழந்தைகள், அவர்களில் இருவர் இரட்டையர், இயல்பாக வியர்க்கும் திறனோடு இருப்பதை 2018இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார்கள். புரதம் ஒன்றுதான், கொடுத்த காலம் வேறு, விளைவு முற்றிலும் வேறு. சமிக்ஞைப் புரதம் எதைச் செய்யும் என்பது அதன் பெயரில் இல்லை. அது எப்போது வருகிறது, எந்தச் செல்லுக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, யார் நிறுத்துகிறார்கள் என்பவற்றில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் திட்டையும் உங்கள் தந்தையின் புற்றையும் அடுத்தடுத்துப் பார்ப்போம்.

சோரியாசிஸ் திட்டிலிருந்து எடுத்த பயாப்சியை, அதாவது சோதனைக்காக வெட்டியெடுத்த சிறு தோல் துண்டை, நுண்ணோக்கியில் வைத்தால், மேல்தோல் பலமடங்கு தடித்து, நீண்ட விரல்களைப் போல அடித்தோலுக்குள் இறங்கியிருப்பது தெரியும். உச்சியில் உள்ள செதிலில், இந்நேரம் மறைந்திருக்க வேண்டிய உட்கருக்கள் இன்னும் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். முதிர்வதற்கு அவகாசமே இல்லாமல் ஒரு மாதப் பயணத்தைச் சில நாட்களில் முடித்த செல்கள் அவை. அந்தச் செதிலுக்கு இடையே வெள்ளணுக்கள் சிறு குவியல்களாகத் தங்கியிருக்கும். பார்வைக்கு இது கட்டுக்கடங்காத வளர்ச்சிதான். ஆனால் அந்தச் செல்களின் மரபணுக்களில் இந்த வளர்ச்சியை ஏவும் பழுது எதுவும் இல்லை. தூண்டுதல் வெளியிலிருந்து வருகிறது. தோலில் உள்ள டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-23ஐச் சுரக்க, அதனால் தூண்டப்பட்ட டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-17ஐச் சுரக்க, அது மேல்தோல் செல்லின் ஏற்பியில் பொருந்தி, என்எஃப்-கப்பா-பி உள்ளிட்ட பாதைகளை இயக்கி, ‘பிரிந்துகொண்டே இரு, வெள்ளணுக்களை அழை’ என்று சொல்கிறது. அழைக்கப்பட்டு வந்த செல்கள் மேலும் தூண்ட, வட்டம் மூடிக்கொள்கிறது.

இந்த வட்டத்தை ஓரிடத்தில் அறுத்தால் என்ன ஆகும் என்பது இன்று ஊகம் அல்ல. இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் முதல் மருந்தான செக்குகினுமாப் 2015 முதல் சோரியாசிஸுக்குப் பயன்பாட்டில் இருக்கிறது. நன்றாகப் பலன் கிடைத்தவரின் தோலிலிருந்து சில மாதங்கள் கழித்து மறுபடி பயாப்சி எடுத்தால், தடிப்பு இறங்கி, உட்கருக்கள் உரிய அடுக்கில் மறைந்து, இயல்பான தோலாகவே தெரியும். வெளியிலிருந்து வந்த செய்தி நின்றதும் செல்கள் தம் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிட்டன. முன்பு திட்டு இருந்த இடத்தில் நினைவாற்றல் கொண்ட டி செல்கள் சில தங்கிவிடுவதால், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அதே இடத்தில் நோய் திரும்பி வருகிறது. அது உண்மையான சங்கடம். என்றாலும் அது நோயெதிர்ப்புச் செல்களின் நினைவு, மேல்தோல் செல்லின் பழுது அல்ல.

இனி உங்கள் தந்தைக்கு வந்த புற்று. அதே நுண்ணோக்கியில் அது வேறு காட்சி. மேல்தோலின் அடிவரிசையைப் போன்ற கருநீலச் செல்கள் தீவுகளாக அடித்தோலுக்குள் இறங்கியிருக்கும். ஒவ்வொரு தீவின் விளிம்பிலும் செல்கள் வேலிக்கால் போல வரிசைகட்டி நிற்கும். உற்றுப் பார்த்தால், உருவாகத் தொடங்கி முடிவு பெறாத மயிர்க்காலின் சாயல் அதில் இருக்கும். அது தற்செயல் அல்ல. மயிர்க்காலை வளர்க்கும் ஹெட்ஜ்ஹாக் பாதையில் பேட்ச்டு என்ற புரதம் ஒரு தடுப்பாக இருந்து, செய்தி வராத வரை ஸ்மூதன்டு என்ற புரதத்தை அடக்கி வைத்திருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பழுதுகளில், பேட்ச்டு மரபணுவின் இரண்டு நகல்களும் ஒரு செல்லில் செயலிழந்துவிட்டால், யாரும் செய்தி அனுப்பாமலேயே அந்தச் செல்லில் பாதை நிரந்தரமாகத் திறந்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் எதை நிறுத்தினாலும் அது அடங்காது. பழுது உள்ளே இருக்கிறது, அந்தச் செல் பிரியும்போதெல்லாம் மகள் செல்களுக்கும் போகிறது. இதுவே அழற்சிக்கும் கட்டிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. இந்தப் பாதையின் பெரும்பகுதியை நமக்கு முதலில் காட்டிக்கொடுத்தவை பழ ஈக்களின் கருக்கள் என்பதும், அவற்றை ஆராய்ந்த கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் இருவரும் 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதும், அடிப்படை ஆய்வால் என்ன பயன் என்று கேட்போருக்கு நான் எப்போதும் சொல்லும் செய்தி.

ஒரே ஒரு பழுது மட்டும் புற்றை உண்டாக்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். உடம்பில் உள்ள சாதாரண மச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெலனோமா என்ற கொடிய தோல் புற்றில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் என்ற சமிக்ஞைப் புரதத்தில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் காணப்படுகிறது என்பதை 2002இல் கண்டறிந்தார்கள். அதற்கடுத்த ஆண்டே, தீங்கற்ற மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் அதே மாற்றம் இருப்பது தெரியவந்தது. மச்சத்தில் அந்தச் செல்கள் சிறிது காலம் பெருகிவிட்டு, செல்லின் உள்ளேயே உள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளால் நின்றுவிடுகின்றன. அதே போல, வயது வந்தவர்களின் கண்ணிமைத் தோலை நுணுகி ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, நோய் எதுவும் இல்லாத, பார்வைக்கு முற்றிலும் நலமான தோலிலேயே, புற்றுகளில் காணப்படும் வகை மரபணு மாற்றங்களைச் சுமந்த செல்கள் ஏறக்குறைய கால் பங்கு இருந்ததைக் காட்டியது. நமது தோல் இத்தனை பழுதுகளையும் சுமந்துகொண்டே பல பத்தாண்டுகள் ஒழுங்காக வேலை செய்கிறது. அச்சம் தரும் செய்தியாக இதைப் பலர் படிக்கிறார்கள். எனக்கோ இது தோலின் கட்டுப்பாட்டு வலிமைக்குச் சான்றாகத் தோன்றுகிறது.

அப்படியானால் அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு; அதை மறைத்துப் பேசினால் உங்களுக்கு நேர்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். எலியின் தோலில் மரபணுவைப் பழுதாக்கும் ஒரு வேதிப்பொருளை ஒரே ஒரு முறை தடவி, பிறகு நேர்வாள விதை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த ஓர் அழற்சியூட்டியை வாரக்கணக்கில் தடவினால் கட்டிகள் முளைக்கின்றன. பழுதாக்கும் பொருளை மட்டும் அந்தச் சிறிய அளவில் தடவினாலும், அழற்சியூட்டியை மட்டும் தடவினாலும் கட்டிகள் பெரும்பாலும் வருவதில்லை. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் இல்லாத எலிகளில் இந்தக் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. இன்டர்லூக்கின்-17இன் சமிக்ஞை இல்லாத எலிகளிலும் அவ்வாறே. நீங்கள் படித்தது பெரும்பாலும் இவ்வகை ஆய்வுகளின் சுருக்கமாகத்தான் இருக்கும். இவை சொல்வது என்ன? ஏற்கெனவே பழுதான செல்லுக்கு அழற்சி உரமாக அமையலாம் என்பதைத்தான். பழுதில்லாத செல்லை அழற்சி புற்றாக்கிவிடும் என்பதை அல்ல. மனிதர்களிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் உடைந்துகொண்டே இருக்கும் தீக்காயத் தழும்பிலும், பிறவியிலேயே தோல் கொப்பளித்து உரியும் கடுமையான சில நோய்களிலும், மேல்தோல் செல்களில் எழும் மற்றொரு வகைப் புற்றான ஸ்குவாமஸ் செல் புற்று வருவதை நாங்கள் பார்க்கிறோம். சோரியாசிஸ் திட்டு அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. பல்லாண்டுகள் தடித்துச் சிவந்திருந்த திட்டுகளைச் சுமந்த எண்ணற்ற நோயாளிகளைத் தலைமுறை தலைமுறையாக மருத்துவர்கள் கவனித்து வந்திருக்கிறார்கள்; அந்தத் திட்டுகளிலேயே புற்று எழுவது அபூர்வமாகவே பதிவாகியிருக்கிறது. மேலும், அந்த எலி ஆய்வுகளைச் சரியாகப் படித்தால், இன்டர்லூக்கின்-17ஐத் தடுப்பது கட்டியை வளர்க்கும் என்றல்ல, குறைக்கும் என்றுதான் அவை சுட்டுகின்றன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் உங்கள் அச்சத்துக்கு அவை ஆதாரம் அல்ல.

ஒரு புரதத்தைத் தடுத்தால் வேறு கேடு வராதா என்ற கேள்வி மிகச் சரியான கேள்வி. எந்தப் பாதையைத் தடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதற்கு விடை சொல்ல முடியும். தோல் தன்னைக் கட்டிக்கொள்ளவே பயன்படுத்தும் பாதைகளைத் தொட்டால் தோல் உடனே காட்டிக்கொடுக்கும். நுரையீரல், குடல் புற்றுகளுக்காக ஈஜிஎஃப் ஏற்பியைத் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்கு முகத்திலும் மார்பிலும் சீழ்க்கொப்புளங்களோடு கூடிய தடிப்பு வருகிறது; வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து அழற்சியை மூட்டிவிடுகிறது. ஹெட்ஜ்ஹாக் பாதையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2012இல் ஒப்புதல் கிடைத்தது. அறுவை செய்ய இயலாத அளவுக்கு முற்றிய பேசல் செல் புற்றை அது சுருக்குகிறது. ஆனால் தலைமுடி கொட்டுகிறது, நாவில் சுவை குன்றுகிறது, தசைகள் பிடித்துக்கொள்கின்றன. கருவின் உறுப்புகளை அமைப்பதும் இதே பாதை என்பதால் கருவுற்ற பெண்களுக்கு அதை அறவே கொடுக்கக் கூடாது. பிராஃப் மாற்றம் கொண்ட மெலனோமாவுக்கான வெமுராஃபெனிப், 2011இல் வந்தபோது, கட்டிகளைச் சுருக்கிய அதே வாரங்களில் சிலருக்கு உடலின் வேறு இடங்களில் ஸ்குவாமஸ் செல் கட்டிகளை முளைக்கச் செய்தது. ராஸ் என்ற மற்றொரு புரதத்தில் ஏற்கெனவே மாற்றம் பெற்று அமைதியாக இருந்த செல்களில், அந்த மருந்து பாதையை அடக்குவதற்குப் பதிலாக முடுக்கிவிட்டதே காரணம் என்று கண்டறிந்து, பாதையின் அடுத்த படியையும் தடுக்கும் இரண்டாவது மருந்தைச் சேர்த்தபோது அந்தக் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன.

இவற்றைவிட ஆழமான பாடம் மூளை நோய்க்கான ஒரு மருந்திலிருந்து வந்தது. ஆல்சைமர் நோய்க்காகச் சோதிக்கப்பட்ட செமகாசெஸ்டாட் என்ற மருந்து, தான் குறிவைத்த நொதியோடு சேர்த்து நாட்ச் என்ற சமிக்ஞைப் பாதையையும் தடுத்தது. நாட்ச் இரத்தப் புற்று ஒன்றில் புற்றைத் தூண்டும் புரதமாக அறியப்பட்டது. தோலிலோ அதன் பணி செல்களை முதிரச் செய்து பெருக்கத்தை நிறுத்துவது. எலியின் மேல்தோலில் நாட்ச்சை நீக்கினால் கட்டிகள் வருகின்றன என்று 2003இலேயே காட்டியிருந்தார்கள். 2010இல் அந்த மருந்துச் சோதனை நிறுத்தப்பட்டபோது, நோயாளிகளின் நினைவாற்றல் மேலும் குன்றியதோடு, தோல் புற்றும் கூடியிருந்தது தெரியவந்தது. ஓர் உறுப்பில் தீயதாக இருக்கும் புரதம் இன்னோர் உறுப்பில் காவலாக இருக்கிறது. ‘கெட்ட புரதம்’ என்ற பேச்சே பொருளற்றது.

உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஊசி இந்த வரிசையைச் சேர்ந்தது அல்ல. இன்டர்லூக்கின்-17 தோலின் கட்டுமானப் புரதம் அல்ல. பூஞ்சைகளிடமிருந்தும் சில பாக்டீரியாக்களிடமிருந்தும் காக்க நோயெதிர்ப்புச் செல்கள் அனுப்பும் தூது. ஆகவே அதைத் தடுப்பதன் விலையும் அந்தத் திசையிலேயே இருக்கிறது: வாயிலோ பிறப்புறுப்பிலோ கேண்டிடா பூஞ்சைத் தொற்று சிலருக்கு வரலாம், பெரும்பாலும் எளிய மருந்தில் தீர்ந்துவிடும். குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி போன்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்கள் உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மருந்து அவற்றை மோசமாக்கக்கூடும், அப்போது வேறு பாதையைத் தேர்ந்தெடுப்பார். தொடங்குமுன் காசநோய்ச் சோதனை செய்வார்கள். அதை வெறும் சடங்காக எண்ணி விட்டுவிடாதீர்கள். இதுவரையிலான தொடர் கண்காணிப்பில் இந்த வகை ஊசிகளால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவரவில்லை.

மாத்திரை விளம்பரத்துக்கு வருகிறேன். ‘என்எஃப்-கப்பா-பியை அடக்கும்’ என்ற வாசகத்தைக் கண்டால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனெனில் நோயால் களைத்தவர்களின் நம்பிக்கையை வைத்து அது விற்கப்படுகிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கும் செல்களின்மேல் ஒரு சாற்றை ஊற்றி அந்தப் புரதம் அடங்குவதைக் காட்டுவது எளிது. விழுங்கிய மாத்திரை குடலையும் கல்லீரலையும் கடந்து அதே செறிவில் தோலை அடைவது வேறு செய்தி. அதையும் விடுங்கள், அது உண்மையாகவே தோலை அடைந்து, சொன்னபடியே என்எஃப்-கப்பா-பியை முழுக்க அடக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எலியின் மேல்தோலில் மட்டும் அந்தப் பாதையை இயக்கும் நொதியை நீக்கிப் பார்த்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. எதிர்பார்ப்புக்கு மாறாக, பிறந்த சில நாட்களிலேயே அந்தக் குஞ்சுகளின் தோல் முழுவதும் கடும் அழற்சி கண்டது. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், மனித மேல்தோல் செல்களில் என்எஃப்-கப்பா-பியைத் தடுத்து, கூடவே மாற்றம் பெற்ற ராஸ் புரதத்தையும் சேர்த்தபோது, ஸ்குவாமஸ் செல் புற்றை ஒத்த, ஊடுருவி வளரும் கட்டி உருவாயிற்று. தோல் செல்லில் இந்தப் புரதம் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் வேலையையும் செய்கிறது. ஆகவே அந்த விளம்பரம் பொய்யானால் பணம் வீண்; மெய்யானால் நான் இன்னும் அதிகமாகக் கவலைப்படுவேன்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லிச் சென்ற ஒன்றுதான் என் கவனத்தை ஈர்த்தது. சோராலன் மாத்திரையோடு ஒளிச்சிகிச்சை எடுத்திருக்கிறீர்கள். அந்தச் சிகிச்சை நூற்றுக்கணக்கான அமர்வுகளாக நீளும்போது ஸ்குவாமஸ் செல் புற்றின் ஆபத்து கூடுகிறது என்பது நீண்டகாலக் கண்காணிப்பில் உறுதியான உண்மை. புற ஊதாக் கதிர் மேல்தோல் செல்லின் மரபணுவையே தொடுகிறது அல்லவா? சில அமர்வுகளோடு நின்றிருந்தால் கவலைப்பட அதிகம் இல்லை. இப்போது பரவலாகத் தரப்படும், சோராலன் இல்லாத குறுகிய அலைவரிசை ஒளிச்சிகிச்சையில் அத்தகைய தெளிவான உயர்வு காணப்படவில்லை. நீண்ட ஒளிச்சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கொடுப்பதையும் நாங்கள் இதே காரணத்துக்காகத் தவிர்க்கிறோம். சோரியாசிஸ் உள்ளவர்களிடையே தோல் புற்று சற்றே கூடுதல் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. அவற்றைப் படிக்கும்போது இந்தச் சிகிச்சைகளின் பங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே: ஆண்டுக்கு ஒருமுறை தோல் மருத்துவர் உங்கள் உடல் முழுவதையும் பார்க்கட்டும். மற்றத் திட்டுகளெல்லாம் அடங்கிய பிறகும் ஒன்று மட்டும் தனியாகத் தங்கிவிட்டாலோ, தொட்டால் கெட்டியாக இருந்தாலோ, சிறு உரசலில் இரத்தம் கசிந்து ஆறாமல் இருந்தாலோ, மச்சம் ஒன்று வடிவமும் நிறமும் மாறினாலோ, அந்த ஆண்டுப் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே காட்டுங்கள். ஒரு சிறு பயாப்சி ஐயத்தைத் தீர்த்துவிடும்.

மகளைப் பற்றி. எழுபது வயதைக் கடந்தவருக்கு வெயில் படும் மூக்கில் வந்த ஒற்றைப் பேசல் செல் புற்று, அவர் வாழ்நாளில் அந்த இடத்தில் சேர்ந்த பழுதின் விளைவே. அது குடும்பத்தில் இறங்கும் நோய் என்று கொள்ள வேண்டியதில்லை. பேட்ச்டு மரபணுவின் ஒரு நகல் பிறவியிலேயே பழுதாக இருக்கும் கார்லின் நோய்க்குறி என்ற அரிய நிலை ஒன்று உண்டு; அதில் இளம் வயதிலேயே பல இடங்களில் இந்தப் புற்று வருகிறது, தாடை எலும்பில் நீர்க்கட்டிகள் தோன்றுகின்றன, உள்ளங்கையில் ஊசிமுனை அளவு குழிகள் காணப்படுகின்றன. உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லையென்றால் மரபணுச் சோதனையைத் தேடிப் போக வேண்டாம். சோரியாசிஸுக்குப் பரம்பரைச் சாயல் உண்டு என்றாலும், பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருக்கும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. கடும் வெயிலில் தோல் கருகும்படி நிற்காமல் பார்த்துக்கொள்வது அவளுக்கும் உங்களுக்கும் நல்லது.

மருத்துவரைச் சந்திக்கப் போகும்போது பழைய ஒளிச்சிகிச்சைப் பதிவேட்டைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். எத்தனை அமர்வுகள், எந்த ஆண்டுகளில், சோராலனுடனா இல்லாமலா என்ற மூன்றும் அதில் இருக்கும். அது கிடைக்காவிட்டால் சிகிச்சை பெற்ற இடத்தில் படி கேளுங்கள். உங்களை எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்ய அந்தத் தாள் மிகவும் உதவும்.